ஒரு விமானத்தை விற்றுக் கட்டிய கூரை

இன்று காலை, விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் கை கழுவினேன். தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த டப்பாவை அழுத்தியதும், மணல் கலந்ததுபோல் நறநறவென்று கொஞ்சம் சோப்பு உள்ளங்கையில் விழுந்தது. ஆரஞ்சுத் தோலின் வாசனை. கிரீஸ் போவதற்காக எஞ்சின் வேலை செய்கிறவர்கள் தேய்க்கும் சோப்பு. என் கையில் கிரீஸ் எங்கே இருக்கிறது? கணக்குத் தாள்களைத் தவிர வேறு எதையும் தொடாத கை. ஆனாலும் விரலிடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்தேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட உன்னிடம் இந்த வாசனைதான் அடிக்கும்.

நீ போன பிறகு இரண்டாவது கிறிஸ்துமஸ் வரப்போகிறது. நீ கேட்டுக்கேட்டுச் சலிக்காத அந்தக் கூரைக்குக் கீழே நின்று கையைத் துடைத்தேன். நேராக என் அறைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீளமாக எழுதினால் உனக்குப் பிடிக்காது, தெரியும். என் அறிக்கைகளைப் பார்த்து, "கலா, முடிவ முதல்ல சொல்லுலா" என்பாய். முடிவு இதுதான்: கூரை நிற்கிறது. மீதியைப் பொறுமையாகக் கேள்.

நீ செமிலிங் ஊர்க்காரி, நான் பீடோங். சுங்கை பட்டாணிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பவள் நீ. பிறகு நீ விமானப் பொறியியல் படிக்க சுபாங்குக்குப் போனாய். நான் கணக்கியல் படிக்க பினாங்குக்குப் போனேன். கல்யாணம், பிள்ளைகள் என்று இருவரும் அவரவர் வழியில் போய், அலோர்ஸ்டாரில் மறுபடி ஒன்றுசேர்ந்ததற்கு உன் தொலைபேசி அழைப்புதான் காரணம். "எங்க கம்பெனியில கணக்குக்கு ஆள் தேடுறாங்க. வரியா? ஆனா ஒண்ணு, கம்பெனி லாபத்துல இல்ல" என்றாய். வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே வந்தேன்.

நம்முடையது சின்னக் கம்பெனி. இறக்கைகளில் விசிறி சுழலும் விமானங்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு லங்காவிக்கும் கோத்தா பாருவுக்கும் சுபாங்குக்கும் ஓட்டுகிறோம். நீ விமானங்களின் பராமரிப்புக்குத் தலைவி, நான் நிதிக்குத் தலைவி. ஆகவே நம் இருவருக்கும் நாள் தவறாமல் சண்டை. நீ வாங்க வேண்டும் என்பாய், நான் முடியாது என்பேன். ஆபீஸில் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சண்டை முடிந்ததும் ஒரே காடியில் ஏறிப் பசியாறப் போவோம்.

வந்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. விமானங்களில் இடம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. பள்ளி விடுமுறை வந்தால் டிக்கெட் கேட்டு உறவுக்காரர்கள்கூட எனக்குப் போன் போடுவார்கள். அப்படியும் ஆண்டுக் கணக்கில் நட்டம். எரிபொருளைப் பார்த்தேன், சம்பளத்தைப் பார்த்தேன். எதுவும் அளவுக்கு மீறியதாக இல்லை.

விடை ஒரு மத்தியானம் மழையில் கிடைத்தது. விமானம் ஒன்று காலையே கிளம்பியிருக்க வேண்டியது, இன்னும் நிற்கிறதே என்று கேட்க, ஓடுதளத்தின் ஓரத்துக்கு நானே இறங்கி வந்தேன். கெடாவின் மழை உனக்குத் தெரியாததா? வயல் பக்கம் இருட்டிக்கொண்டு வருவது தெரிவதற்குள் தலையில் கொட்டிவிடும். எஞ்சினைத் திறந்து வைத்திருந்தீர்கள். மேலே கட்டியிருந்த தார்ப்பாயைக் காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு கயிற்றை என் கையில் திணித்தாய்.

"பிடி. பேச்சு அப்புறம்."

பிடித்தேன். ஆபீஸ் செருப்பு தண்ணீரில் மிதந்து போனது. மழை விடும்வரை உன் ஆட்கள் எஞ்சின்மேல் ஒரு சொட்டு விழாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். வேலை ஒன்றும் நகரவில்லை. மழை விட்டதும் வெயில் வந்தது. இறக்கையின் தகடு தொட முடியாதபடி சுட்டது. அதற்கும் காத்திருந்தார்கள். அன்று முழுக்க அந்த விமானம் பறக்கவில்லை.

"இது சின்ன வேலைலா. விமானத்த முழுசாப் பிரிச்சுப் பாக்கற பெரிய செக் வந்தா என்னா பண்றோம்னு நெனைக்கிற? நமக்குக் கூரை இல்ல. வெளிநாட்டுக்கு அனுப்பறோம். அங்க வரிசையில நிக்குது நம்ம விமானம். அதுவரைக்கும் அடுத்தவன் விமானத்த, அவன் பைலட்டோட சேத்து வாடகைக்கு எடுத்து ஓட்டறோம். உன் நட்டம் அங்கதான் இருக்கு. டிக்கெட்டுல தேடாத" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதில் பாதிதான் சரி. நட்டத்தின் பெரும்பகுதி அங்கே இருந்தது. ஆனால் இன்னொரு பகுதி உன் பக்கத்தில் இருந்தது: எதற்கும் இருக்கட்டும் என்று நீ வாங்கி அடுக்கி வைத்திருந்த உதிரிப் பாகங்கள். அதைச் சொன்னதும் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். பிறகு, "சரி, அத நான் கொறைக்கிறேன். நீ எனக்குக் கூரைய வாங்கித் தா" என்றாய். அப்படித்தான் நம் திட்டம் பிறந்தது.

மெர்கோங்கில் உன் கணவர் அந்தோணி அண்ணனின் காடி வொர்க்‌ஷாப்புக்குப் பக்கத்துக் கடையில், ரொட்டி சானாய்த் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எத்தனை சனிக்கிழமைகள் பேசியிருப்போம். நீ வரைந்த ஹேங்கரில் முதலில் இரண்டு விமானம் நின்றது. சாயம் பூசும் கூடம் இருந்தது. விசிறிகளைப் பழுதுபார்க்கத் தனி அறை இருந்தது. எல்லாவற்றையும் நான் வெட்டினேன். "எல்லாம் வேணும்னா எதுவும் வராது. ஒரு விமானம் நிக்கிற எடம் கேப்போம். அது சம்பாதிச்சா மீதியக் கட்டலாம்" என்றேன். அண்ணன் டீ கிளாஸோடு வந்து நின்று, "ரெண்டு பேரும் வீட்டுக்கு இவ்ளோ யோசிச்சிருந்தா நான் மாளிகையில இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இயக்குநர் குழு முதல் முறை மறுத்தது. தலைவர் டத்தோ நல்ல மனிதர், பயந்தவர். நட்டத்தில் இருக்கும் கம்பெனி கட்டடம் கட்டினால் வங்கி என்ன நினைக்கும் என்று மலாயில் கேட்டார். வெளியே வந்ததும் என் கண் கலங்கிவிட்டது. நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. காடிக் கதவைத் திறந்தபடி, "அடுத்த கூட்டம் எப்ப?" என்றாய். அடுத்த கூட்டத்திலும் மறுத்தார்கள். அப்போதும் நீ கேட்டது அதே கேள்விதான்.

மூன்றாவது கூட்டத்துக்கு உன்னால் வர முடியவில்லை. பார்க்கிங்கில் என்னை நிறுத்திச் சொன்னாய், ஏதோ வேலைத் தகவல் மாதிரி. "எனக்கும் பெரிய செக் வந்துருச்சு கலா. வயித்துல கட்டியாம். என்னையும் வெளியூருக்குத்தான் அனுப்பறாங்க." பினாங்கு மருத்துவமனையைச் சொன்னாய். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுலா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சிகிச்சைக்கு நடுவே தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாய். வராதே என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியாக உன்னைப் பார்த்தது மருத்துவமனையில், ஒரு முற்பகலில். பேசவே மூச்சு போதவில்லை உனக்கு. பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாய் என்று குனிந்தேன். அவர்களைப் பற்றி அந்தோணி அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டிருந்தாய் போலும். என்னிடம் சொன்னது வேறு.

"கட்டும்போது காசு பத்தாம கதவ சின்னதாக்கச் சொல்வாங்க. ஒத்துக்காத. வால் உள்ள வரணும்."

கட்டும்போது என்றாய். கட்டினால் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உன் அடக்கம் முடிந்த வாரம் நான் வேலைக்குத் திரும்பினேன். உன் ஆட்கள் எல்லோரும் சீருடையிலேயே தேவாலயத்துக்கு வந்திருந்தார்கள். மறுநாள் காலை எல்லா விமானங்களும் நேரத்துக்குக் கிளம்பின. அதை நீ விரும்பியிருப்பாய் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தாங்களாகவே செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

கோலாலம்பூரிலிருந்து புதிய முதலீட்டாளர்கள் வந்தார்கள். அவர்கள் சார்பில் ரவின் என்ற ஒருவர். நம்ம ஆள்தான், நாற்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையானவர், கெட்டிக்காரர். அவர் கொண்டு வந்த யோசனை இது: நம் விமானங்கள் எல்லாவற்றையும் ஒரு குத்தகைக் கம்பெனிக்கு விற்றுவிடுவது. விற்ற விமானங்களையே மாத வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. விற்ற பணம் கையில் வரும், விற்பனையில் வரும் ஆதாயம் கணக்கில் ஏறும். பல ஆண்டுகளுக்குப் பிறகு கம்பெனி முதல் முறையாக லாபம் காட்டும். டத்தோவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பாவம், அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார்.

நிதித் தலைவி என்ற முறையில் அதை நான் பரிந்துரைக்க வேண்டும். முடியாது என்றேன். ரவின் என் அறைக்கு வந்தார்.

"அக்கா, இதுல தப்பு ஒண்ணும் இல்ல. எல்லா ஏர்லைனும் செய்யறதுதான்."

"தப்புன்னு சொல்லல தம்பி. நம்ம டிக்கெட் ரிங்கிட்ல விக்குது. அந்த வாடகை டாலர்ல போகும். ரிங்கிட் விழுந்தா வாடகை ஏறும், பறக்காத மாசமும் கட்டணும். இந்த வருஷம் லாபம் வரும். அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருஷமும் நான்தானே இங்க ஒக்காந்திருப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் பின்வாங்கவில்லை. நான் கையெழுத்திடாவிட்டால் கையெழுத்திடும் வேறு ஒருவரைத் தேடலாம் என்று டத்தோவிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வீட்டில் சொன்னேன். என் கணவர் தொலைக்காட்சியை அணைத்தார். "வேற வேலை தேடணும்னா சொல்லு, சேந்து தேடுவோம்" என்றார். அது போதுமாக இருந்தது.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைய முடியாது என்று எனக்குத் தெரியும். மாற்று வழி வேண்டும். ஹேங்கருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் காட்ட வேண்டும். வங்கி கொடுக்காது. முதலீட்டாளர்கள் கூரைக்காகக் கொடுக்க மாட்டார்கள். எப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒரு விமானத்தை, ஒன்றை மட்டும், அடியோடு விற்றுவிடுவது. திரும்ப வாடகைக்கு எடுக்காமல் விற்பது. அதற்கு ஏற்றபடி ஒரு தடத்தைக் குறைத்துக்கொள்வது. எதை விற்பது என்பதிலும் சந்தேகம் இல்லை. எல்லாவற்றிலும் வயது கூடியது, அதிகம் செலவு வைப்பது. நீ கிழவி என்று கூப்பிட்ட விமானம்.

மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளச் சொன்ன அதை ஆண்டுக்கணக்கில் பறக்க வைத்திருந்தவள் நீ. அதன் சத்தத்தைக் கேட்டே எது சரியில்லை என்று சொல்வாய். அதை விற்கச் சொல்லி நான் எழுதினேன். அனுப்புவதற்கு முன் மெர்கோங்குக்குப் போய் அந்தோணி அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு காடிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கிழவியையா?"

"ஆமாண்ணே. வேற வழி தெரியல."

வெகுநேரம் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். "அவ இருந்திருந்தா உன்கிட்ட ஒரு வாரம் பேசமாட்டா. அப்புறம் அவளே வந்து, என்னா வெல பேசுனன்னு கேப்பா. நல்ல வெலைக்குக் குடும்மா" என்றார். நான் காடியில் ஏறியபின் கண்ணாடியைத் தட்டி, "கொடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும். சொல்லு" என்றார்.

கூட்டத்தில் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரவினின் வழியில் முதலில் லாபம், பிறகு டாலர் போகிற பக்கம் நாமும் போக வேண்டும். என் வழியில் இந்த ஆண்டும் நட்டம், அடுத்த ஆண்டும் நட்டம் இருக்கலாம், ஆனால் குறைந்துகொண்டே வரும். மிச்சமிருக்கும் விமானங்கள் நம்முடையவை. பெரிய செக்கை நாமே செய்வோம், அடுத்தவன் விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டாம். ரிங்கிட் எவ்வளவு விழுந்தால் எந்த வழி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் காட்டினேன். டத்தோ என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: "நட்டம் வரும் என்று சொல்லி என்னிடம் பணம் கேட்கிறீர்கள், அப்படித்தானே?"

"ஆமாம் டத்தோ. உண்மையைச் சொல்லித்தான் கேட்கிறேன்."

ரவின் எதிர்த்துப் பேசினார், நன்றாகவே பேசினார். அன்று முடிவு ஆகவில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுவிட்டு வந்தேன். அதற்குள் ரிங்கிட் கொஞ்சம் சரிந்தது. அது என் திறமை இல்லை. ஆனால் சரிந்த வாரத்தில் டத்தோவே என்னைக் கூப்பிட்டார். அடுத்த கூட்டத்தின் வாக்கெடுப்பில் என் வழிக்கு ஒரே ஒரு கை கூடுதலாக எழுந்தது. ரவின் கை தூக்கவில்லை. வெளியே வந்து, "கட்டிக் காட்டுங்க அக்கா" என்று மட்டும் சொன்னார். அதில் ஏளனம் இருந்ததா வாழ்த்து இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிழவி போன அன்று வெயில் நன்றாக இருந்தது. வாங்கியவர்களின் விமானிகள் வந்திருந்தார்கள். உன் பிள்ளைகள் இருவரும் அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். சின்னவள் விமானத்தின் வயிற்றில் கையை வைத்து, வீட்டு நாயைத் தட்டுவதுபோலத் தட்டினாள். அந்தோணி அண்ணன் எஞ்சின் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டு, "வலது பக்கம் கொஞ்சம் கரகரங்குது" என்றார். விலை பேசி முடித்தாயிற்று என்றேன். சிரித்தோம். அது வயல்களுக்கு மேலே ஏறிச் சின்னதாகும்வரை நின்றோம். நான் தலை குனியவில்லை. சரியாகத்தான் செய்தேன்.

கட்டும்போது நீ சொன்னதே நடந்தது. இரும்பு விலை ஏறிவிட்டது, கதவின் உயரத்தைக் குறைத்துவிட்டு விமானத்தின் பின்பாதியை வெளியே நிறுத்தி வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டடக் குத்தகைக்காரர் வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். மலிவான வழிதான்; கணக்குப் பார்க்கிறவளுக்குப் பிடித்திருக்க வேண்டியது. "மழை முன்பாதியில மட்டும் பெய்யுமா?" என்று கேட்டு வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் செலவுக்காக ஆபீஸ் மாடியைப் புதுப்பிக்கும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினேன். என் அறையின் கூரை ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

விமானப் போக்குவரத்து அதிகாரிகள் பலமுறை வந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார்கள். முதல் பெரிய செக் இங்கேயே நடந்தது. இரண்டு முறை மழை அடித்தது. யாரும் தார்ப்பாயைத் தேடி ஓடவில்லை. சொன்ன நாளில் விமானம் வெளியே வந்தது. இந்த ஆண்டுக் கணக்கும் முடிந்துவிட்டது. நட்டம்தான். ஆனால் போன ஆண்டைவிடக் குறைவு, நான் கூட்டத்தில் சொன்னதைவிடவும் கொஞ்சம் குறைவு. டத்தோ படித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரவின் இப்போது ஜெட் விமானம் வாங்குவது பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். பேசட்டும். நானும் பேசுவேன்.

போன மாதம் என் அறையில் ஒரு நேர்காணல் நடத்தினேன். உன் இடத்துக்கு இதுவரை தற்காலிகமாகத்தான் ஆள் இருந்தார். வந்தவள் பெயர் சாந்தி, கூலிம்காரி. சிங்கப்பூரில் பல ஆண்டுகள் இதே வேலை. இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்ப நினைக்கிறாள். சம்பளம் அங்கே கிடைப்பதில் பாதிகூட வராது. எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் அவள் ஒன்று கேட்டாள்.

"அக்கா, உண்மைய சொல்லுங்க. இந்தக் கம்பெனி நிக்குமா? பிள்ளைங்கள ஸ்கூல் மாத்திக் கூட்டிட்டு வரணும். அதான் கேக்கறேன்."

பக்கத்திலிருந்த மனிதவள அதிகாரி ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"போன வருஷம் நட்டம். இந்த வருஷமும் நட்டம், ஆனா கொறஞ்சிருக்கு. அடுத்த வருஷம் எனக்குத் தெரியாது. விமானம் நம்முது, கூரை நம்முது. அத விக்கச் சொல்லி மறுபடியும் வருவாங்க. அப்ப நான் அங்க இருப்பேன். இவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

அவள் ஜன்னல் வழியாக ஹேங்கரைப் பார்த்தாள். வாளியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. "கதவு நல்ல ஒசரமா இருக்கே" என்றாள். பிறகு, எப்போது சேரலாம் என்று கேட்டாள்.

நீ இருந்தபோது உனக்கு எதிரே உட்கார்ந்து முடியாது என்று சொல்வதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது எதற்கு ஆம் என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற எவ்வளவு நாள் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சுமக்கிறேன். கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க மனமில்லை.

உன் மேசையில் இத்தனை நாளாக யாரையும் உட்கார விடவில்லை. தற்காலிகமாக வந்தவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டுச் சமாளித்துக்கொண்டார். நேற்று மாலை அதை நானே துடைத்து, இழுப்பறைகளைக் காலி செய்து, உன் பொருள்களை அந்தோணி அண்ணனுக்குக் கொடுக்கப் பெட்டியில் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை சாந்தி வருகிறாள். முதல் வாரத்திலேயே அவளும் நானும் ஏதாவது ஒரு செலவுக்காகச் சண்டை போட்டுக்கொள்வோம் என்று நினைக்கிறேன். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லி ஆபீஸில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.